விரிசலும் விரிகிந்தியும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நகரியில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. போன வாரம் அம்மா துவைக்கிற கல்லருகே வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார். வயது 67. மருத்துவமனைத் தாளில் 'காலிஸ் பிராக்சர், குளோஸ்டு, டார்சலி டிஸ்பிளேஸ்டு, எக்ஸ்ட்ரா ஆர்டிகுலர், ஆஸ்டியோபோரோட்டிக் போன்' என்று எழுதியிருக்கிறார்கள். இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டிருக்கிறது. என் மாமா தாளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பயமுறுத்துகிற இங்கிலீஷ். எலும்புத் தேய்மானம், முறிவு, அவ்வளவுதான். கட்டைப் பிரித்துவிட்டுப் புத்தூருக்குப் போவோம்" என்கிறார். எல்லாவற்றுக்கும் தமிழ் வேண்டும் என்கிறவர் நீங்கள். இந்த ஐந்துக்கும் தமிழ் இருக்கிறதா? மாமா சொல்வது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாமா சொன்ன இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். ஐந்து சொற்களை இரண்டாகச் சுருக்கியபோது அம்மாவின் கையைப் பற்றிய செய்தி பாதிக்கு மேல் கொட்டிப்போய்விட்டது என்பதுதான் என் வருத்தம்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணி தெலுங்கு வீட்டுப் பெண். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை தொலைபேசியில் அழைத்து, பதற்றத்தில் தாய்மொழியிலேயே, "பையனுக்குச் செய்யி விரிகிந்தி" என்றார். செய்யி என்றால் கை, தெரியும். விரிகிந்தி என்பதை நான் தமிழ்க் காதால் கேட்டேன். விரிந்திருக்கிறது, அதாவது விரிசல். சென்னையில் இருந்த அண்ணனிடம், "சின்ன விரிசல்தான், நிதானமாக வா" என்று சொல்லிவிட்டேன். அவர் மறுநாள் வந்து இறங்கியபோது, முன்கையின் இரண்டு எலும்பும் ஒடிந்து, பையனுக்கு அறுவை சிகிச்சையே முடிந்திருந்தது. தெலுங்கில் விரிகிந்தி என்றால் ஒடிந்துவிட்டது. விரிசலுக்கு அவர்கள் சொல் பகுலு. அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது சிரிக்கிற கதை. எனக்கு இன்னும் முழுதாகச் சிரிப்பு வரவில்லை.

இனி தாளுக்கு வருவோம்.

காலிஸ் என்பது ஆளின் பெயர். டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் இந்த முறிவை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். படம் இல்லாத காலத்தில், கையின் வடிவத்தைக் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் இன்ன இடம் என்று சொன்னவர் அவர். விழும்போது உள்ளங்கையை ஊன்றுகிறோம். உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. கட்டைவிரல் பக்கத்து எலும்பு, மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே ஒடிந்து, ஒடிந்த துண்டு புறங்கைப் பக்கமாகத் தள்ளிப்போகிறது. 'டார்சலி டிஸ்பிளேஸ்டு' என்பது இதுதான். மாவுக்கட்டு போடுமுன் அம்மாவின் மணிக்கட்டுக்குப் பின்புறம் ஒரு மேடு தெரிந்திருக்கும், நினைவிருக்கிறதா? துண்டு தள்ளிப்போயிருந்ததால்தான் வெறுமனே கட்டாமல் இழுத்து நேராக்கினார்கள். அந்த எலும்பின் பெயர் ரேடியஸ். லத்தீனில் சக்கரத்தின் ஆரக்கால். தமிழில் அதை ஆரை எலும்பு என்கிறார்கள், பொருளும் அதுவே. கலைச்சொல் ஆக்குகிறவர்களை நான் அடிக்கடி கிண்டல் செய்கிறேன், இதைச் செய்தவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் காலிஸுக்குத் தமிழ்ப்பெயர் தேட வேண்டாம். 'ஊன்றி விழுந்த மணிக்கட்டு முறிவு' என்று சொல்லிக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்.

'குளோஸ்டு' என்றால் மேல்தோல் கிழியவில்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ, முறிவு வரை காயம் இறங்கினாலோ அது திறந்த முறிவு. கிருமி எலும்புவரை போகும் என்பதால் அவசரம் அதிகம். இதற்குப் பழைய மருத்துவர்கள் எழுதுகிற இன்னொரு பெயர் காம்பவுண்ட். படித்தவர்கள்கூட அதைக் 'கூட்டு முறிவு' என்று மொழிபெயர்த்துக்கொண்டு, பல இடத்தில் ஒடிந்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பல துண்டாக உடைந்ததற்குச் சொல் கம்மினியூட்டட். நம்மிடம் நொறுங்கல் என்று கச்சிதமான சொல் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. குழந்தைகளுக்கு வருகிற கிரீன்ஸ்டிக் முறிவுக்கும் அப்படித்தான், தமிழ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முருங்கையின் இளங்கொம்பை வளைத்தால் ஒருபக்கம் பிளந்து மறுபக்கம் நார் விடாமல் நிற்குமே, அதே காட்சி. பச்சைக்கொம்பு முறிவு என்றால் பாட்டிக்கும் புரியும்.

'எக்ஸ்ட்ரா ஆர்டிகுலர்' நல்ல செய்தி: முறிவு மூட்டுக்குள் போகவில்லை. மூட்டுக்குப் பழைய தமிழில் கீல், தெலுங்கில் கீலு. உங்கள் தெருவில் கீலு என்று சொன்னால் இரண்டு மொழிக்காரரும் தலையாட்டுவார்கள். கீலுக்குள் முறிவு போயிருந்தால் வழவழப்பான பரப்பு மேடுபள்ளமாகி, பிற்பாடு வலி தங்கிவிடக்கூடும்.

கடைசிச் சொல்தான் எனக்குக் கவலை தருவது. ஆஸ்டியோபோரோசிஸ் என்பதை மாமா தேய்மானம் என்று சொல்லிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, ஊரே அப்படித்தான் சொல்கிறது. முழங்கால் வலித்தால் தேய்மானம், கழுத்து வலித்தால் தேய்மானம், எலும்பு பலவீனமானாலும் தேய்மானம். முழங்காலில் தேய்வது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அது மூட்டு நோய். நடந்தால் வலிக்கும், வலி ஆளை மருத்துவரிடம் கூட்டிப்போகும். அம்மாவுக்கு இருப்பது எலும்புப்புரை. இதில் எதுவும் உரசித் தேய்வதில்லை. நகரியில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர் நீங்கள், உங்களுக்குச் சொல்வது எளிது: அதே பாவு, அதே அகலம், ஆனால் ஊடை நெருக்கம் குறைந்த துணி. மடித்து வைத்திருக்கும்வரை வித்தியாசம் தெரியாது, இழுத்தால் கிழியும். எலும்புப்புரையும் வலிக்காது. முதல் முறிவு வரைக்கும் ஒரு சத்தமும் போடாது. பலருக்கு அந்த முதல் முறிவு மணிக்கட்டில்தான் வருகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது முதுகெலும்பிலோ இடுப்பிலோ. இடுப்பு முறிவு வயதானவர்களைப் படுக்கையில் போட்டுவிடும்.

புத்தூரைப் பற்றி. தமிழ்நாட்டில் எந்த ஊர் கடைத்தெருவிலும் 'புத்தூர் கட்டு' என்று ஒரு பலகை தொங்கும். அவ்வளவு பேர் வாங்கிய ஊர். ஒடிந்த எலும்பை அசையாமல் நிறுத்த வேண்டும் என்ற அடிப்படையை நம்மவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் கொம்பு கட்டலும் ஒன்று. மாவுக்கட்டும் ஒன்றும் ஆதிகாலத்து மேல்நாட்டுச் சரக்கில்லை. மத்தைசென் என்ற டச்சு ராணுவ மருத்துவர் 1850-களின் தொடக்கத்தில் பரவலாக்கியது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற கையை நான் இழிவாகப் பேசமாட்டேன்.

ஆனால் இழுத்து நேராக்கிய எலும்பின் கட்டை ஒரு வாரத்தில் பிரித்தால் துண்டு மறுபடி நழுவும். பிரித்தபின் இறுக்கிக் கட்டினால் இன்னும் மோசம். வீக்கத்துக்கு இடமில்லாமல் ரத்த ஓட்டம் நின்று கையே போன கதைகள் உண்டு. மாவுக்கட்டிலும் இது நடக்கலாம். விரல் நுனி நீலம் பாரித்தால், மரத்துப்போனால், விரலை நீட்டிவிடும்போது தாங்கமுடியாமல் வலித்தால், இரவென்று பார்க்காமல் கட்டு போட்ட இடத்துக்கே ஓடுங்கள். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாதவரை கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்து விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். கட்டு ஏறக்குறைய ஆறு வாரம் இருக்கும்.

மாமாவோடு சண்டை போடவேண்டாம். கட்டுப் பிரிக்கிற நாளில் அவரையே மருத்துவரிடம் கூட்டிப்போய், எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா பரிசோதனை எப்போது என்று அவர் வாயால் கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தாளில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும், கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. எண்ணை எனக்கும் எழுதுங்கள். கூடவே, துவைக்கிற கல்லடியில் பாசியைச் சுரண்டிவிட்டீர்களா என்பதையும்.