வீட்டு உறுதியை ஈடு வைக்காதீர்கள், அம்மா

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளுக்கு மொறட்டுவை பொறியியல் வெட்டுப்புள்ளி எட்டாமல் போன கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் லண்டன் மாமா சொல்கிறார் என்பதற்காக வீட்டை ஈடு வைத்துத் தனியார் பொறியியல் பட்டத்துக்குக் காசு கட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அவளுக்குப் பிடித்தது பௌதிகவியலும் காடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் கிடைத்தால் கற்கைக் கட்டணமே இல்லை. அதை ஒன்றும் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று சொல்லும் சொந்தக்காரரிடம் காது கொடுக்காதீர்கள்.

பௌதிகவியலோடு போகக்கூடிய ஒரு துறையைச் சொல்கிறேன்: காடு எவ்வளவு காபனீரொட்சைட்டை எடுக்கிறது, விடுகிறது என்று அளப்பது. மரங்களுக்கு மேலே எழும் கோபுரத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் ஒலியலைக் காற்றுமானியையும் வாயுச் செறிவை அளக்கும் அகச்சிவப்பு வாயுப் பகுப்பானையும் அருகருகே பூட்டுவார்கள். செக்கனுக்கு 10 தரம் பதிந்தால் அரை மணிக்கு 18,000 சோடி எண்கள். மேல்கீழாக வீசும் காற்றும் வாயுச் செறிவும் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பதிலிருந்துதான் விடை வரும். குழாயால் உறிஞ்சும் பகுப்பானுக்கு வாயு சற்றுப் பிந்தியே வந்துசேரும். அந்தப் பிந்தலைத் திருத்தாவிட்டால் விடை குறைந்துபோகும். உணரியில் மழைத்துளி தங்கினால் அந்த அரை மணிப் பதிவு பெரும்பாலும் வீண்.

உண்மையான சிக்கல் இரவில்தான். கிளைகளுக்குக் கீழே காற்று அடங்கிவிடும். மண் விடும் காபனீரொட்சைட்டு குளிர்ந்த காற்றோடு சரிவால் வழிந்து போய்விடும். மேலேயுள்ள கருவிக்கு அது தெரியாது. காடு உள்ளதைவிடக் கூடுதலாக உறிஞ்சியதாகக் கணக்கு வரும். அதனால் நிலத்துக்குக் கிட்ட இன்னொரு காற்றுமானி வைத்து, மேலேயும் கீழேயும் காற்று ஒன்றாக அசைகிறதா என்று பார்க்கிறார்கள். ஒன்றாக அசையாத நேரத்துப் பதிவை நம்பமாட்டார்கள்.

மகளுக்கு இது பிடிக்குமா என்று காசில்லாமலே பார்க்கலாம். இப்படிப்பட்ட கோபுரங்களின் பதிவுகளை உலகெங்குமிருந்து திரட்டிய ஃபிளக்ஸ்நெட்2015 தொகுப்பில் 212 தளங்களின் தரவு இலவசம். மலேசியாவின் பாசோ காட்டுத் தளத்தை எடுக்கச் சொல்லுங்கள். சிங்கராஜாவைப்போல அதுவும் தாழ்நில மழைக்காடு. அரை மணிப் பதிவுகளைப் பைத்தன் நிரல்மொழியில் திறந்து, காபனீரொட்சைட்டுக் கணக்கின் தரக்குறி 0 உள்ள வரிகளைப் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே எண்ணட்டும். 0 என்றால் அளந்தது, மற்றவை பதிவு இல்லாத இடத்தில் கணித்து நிரப்பியவை. இரவில் ஏன் இவ்வளவு ஓட்டை என்று அவளாகவே கேட்டால், பிள்ளைக்கு இதில் நாட்டம் இருக்கிறது.

இலங்கையில் இதற்கு வேலைகள் மிகக் குறைவு, அதை மறைக்கமாட்டேன். பட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டு ஆய்வுப்படிப்புக்குப் போகவேண்டிவரும். உதவித்தொகை இல்லாத இடத்துக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். இப்போதைக்குப் பௌதிகவியலோடு புள்ளிவிபரவியலையும் எடுக்கட்டும். மாமாவுக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள். அவளை அந்தத் தொலைபேசிக்குக் கூப்பிடாதீர்கள்.