கூட இருங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு டாமிக்கு 13 வயது. லாப்ரடார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. நான்கு மாதமாக டிரிப்ஸ் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது தயிர்சோற்றைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. இனி ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் நல்லது என்கிறார் டாக்டர். "உயிரை எடுக்க நாம் யார்? அந்தப் பாவம் வேண்டாம்" என்கிறார் என் மாமியார். அப்படியே முடிவெடுத்தாலும் அதைக் கண்ணால் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. தம்பியிடம் கொடுத்தனுப்பலாம் என்றிருக்கிறேன். நான்காம் வகுப்புப் படிக்கும் மகனிடம், பண்ணையில் விட்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இது பாவமா ஐயா? உடனே வேறொரு குட்டி வாங்கிவிட்டால் அவன் மறந்துவிடுவானா?

ச., கோயம்புத்தூர்

அன்புள்ள ச.,

பாவம் இல்லை. கெட்டுப்போன சிறுநீரகம் மீண்டும் வளராது. வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கிக் குமட்டலை உண்டாக்கும், வாயைப் புண்ணாக்கும். டாமி சோற்றை விட்டு முகத்தைத் திருப்புவது அதனால்தான். குட்டி வாங்குவதைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். இருப்பதை முதலில் கவனியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது சபர்மதிக் கன்றுக்குட்டியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 1928-இல் காந்தியின் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று நோயில் விழுந்து துடித்தது. புரட்டிப் போடவும் முடியாத வலி. பிழைக்காது என்று மருத்துவர் கைவிட்டுவிட்டார். காந்தி ஆசிரமத்தாரைக் கூட்டிக் கேட்டபோது, கொடுக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு உரிமையில்லை என்று ஒருவர் எதிர்த்தார். உங்கள் மாமியார் சொல்வதும் அதுதான். தன் நலத்துக்காக உயிரை எடுப்பவனுக்குத்தான் அந்த வாதம் பொருந்தும் என்பது காந்தியின் பதில். டாக்டரை வரவழைத்து ஊசி போடச் சொன்னார். ஏச்சும் கோபமுமாகக் கடிதங்கள் குவிந்தன. தன் நவஜீவன் இதழில் நீண்ட விளக்கம் எழுதினார். கொல்லாமல் இருப்பது மட்டுமே அகிம்சை ஆகிவிடாது என்பதில் அவர் கடைசிவரை அசையவில்லை.

இந்த வாதங்களை எல்லாரும் சொல்வார்கள். என் மனதில் நின்றது காந்தியின் ஆங்கிலேயச் சீடர் மீராபென் எழுதியிருக்கும் ஒரு சிறு செய்தி. ஊசி போடும்போது காந்தி குனிந்து அந்தக் கன்றின் முன்னங்கால் ஒன்றைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். அது அடங்கியபின் ஒரு துணியை எடுத்து அதன் முகத்தின் மேல் போர்த்தினார். ஒரு வார்த்தை பேசாமல் தன் அறைக்குத் திரும்பினார். செய்யச் சொன்னவர் அங்கேயே இருந்தார்.

நீங்களோ தம்பியிடம் கொடுத்தனுப்பலாம் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. பார்க்கும் தைரியம் இல்லையாம். 13 வருடமாக உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வந்த நாய், கடைசி நேரத்தில் அந்தச் சத்தத்தைத் தேடாதா? கால்நடை மருத்துவரான என் நண்பர் ஒருவர் சொல்வார்: வீட்டாள் வெளியே போய்விட்டால், மேசைமேல் கிடக்கும் நாய் மயக்கம் ஏறும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். அவருடைய உதவியாளர்தான் அதன் தலையைத் தடவிக்கொடுத்தபடி நிற்பாராம். அதற்கு அவர் முகம்கூடத் தெரியாது.

இது உங்கள் ஒருவரின் குறை இல்லை. நம் ஊர்களில் இது வழக்கமாகவே இருந்திருக்கிறது. குளித்தலைப் பக்கம் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு செவலை நாய் இருந்தது. வயதாகிப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. முதுகில் புண் வந்து புழு வைத்தது. அம்மா வேப்பெண்ணெய் விட்டுப் பார்த்தாள். ஒருநாள் பள்ளிவிட்டு வந்து பார்க்கிறேன், கிணற்றடியில் அதன் அலுமினியத் தட்டு மட்டும் கிடக்கிறது. பழைய சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. "மணி எங்கே?" என்றேன். "அக்கரைக்குப் போயிருக்கிறது, வந்துவிடும்" என்றார் அப்பா. கோணியில் போட்டுக் காவிரிக்கு அந்தப்பக்கம் இறக்கிவிட்டு வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நடக்க முடியாத நாயை! அப்பா கொடியவர் இல்லை. அடித்துக் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை, வீட்டில் கிடந்து சாவதைப் பார்க்கவும் முடியவில்லை. பாவம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்தால் நம்முடையது இல்லை என்று நினைத்துவிட்டார். மணி எத்தனை நாள் கிடந்து செத்ததோ! பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அக்கரையில் அந்தச் செவலை நிறத்தைத் தேடுவேன். உங்கள் மகனும் பண்ணையைத் தேடுவான். என்றைக்காவது, பார்க்கப் போகலாம் அம்மா என்பான். அன்றைக்கு என்ன சொல்வீர்கள்?

அவனிடம் உண்மையைச் சொல்லுங்கள். டாமி பிழைக்காது, வலி தெரியாமல் அதன் உயிர் போக டாக்டர் மருந்து கொடுக்கப்போகிறார் என்று இதே சொற்களில் சொல்லுங்கள். தூங்கப் போகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிறகு அவன் தூங்கவே பயப்படுவான். அழட்டும். நீங்களும் அவன் முன்னாலேயே அழுங்கள். நாய்க்காக இத்தனை அழுகையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் உங்களுக்குப் பாதிப் பயம். முதலில் ஒரு மயக்க ஊசி. சில நிமிடங்களில் தலை கனத்து உங்கள் மடியில் சாயும். பிறகு முன்னங்கால் ரத்தக்குழாயில், அளவுக்கு மிஞ்சிய மயக்க மருந்து. மூளை முதலில் அடங்கும், பிறகு மூச்சு, பிறகு இதயம். பெரும்பாலும் ஓரிரு நிமிடம்தான். கண் மூடாது, திறந்தே இருக்கும். எல்லாம் முடிந்தபின்னும் ஒரு மூச்சு இழுக்கலாம், தோல் துடிக்கலாம், சிறுநீர் கழியலாம். உயிர் இன்னும் இருக்கிறதென்று பதறாதீர்கள், அதற்கு அப்போது எதுவும் தெரியாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொல்லும்வரை கையை எடுக்காமல், எப்போதும் கூப்பிடும் பெயரையே சொல்லிக்கொண்டிருங்கள். உங்கள் குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். தினசரி காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு குறி, கெட்ட நாளுக்கு ஒரு குறி போட்டுவாருங்கள். கெட்ட நாட்கள் முந்திவிட்டால் டாக்டரை அழையுங்கள். வீட்டுக்கு வருவாரா என்று கேளுங்கள். வந்தால் டாமி வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே நடக்கட்டும். வர முடியாது என்றால் அதன் போர்வையைக் கொண்டுபோய் மேசைமேல் விரியுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், அழுத முகத்தோடு சில்லறை எண்ண வேண்டாம். மகனுக்கு அன்று பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் இருப்பதா வேண்டாமா என்று அவனையே கேளுங்கள். புதைப்பதானால் குழி ஆழமாக இருக்க வேண்டும். மருந்து உடலில் தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் பிராணிகளுக்கு அது விஷம். தம்பியை அதற்கு வரச் சொல்லுங்கள். லாப்ரடார் மெலிந்தபின்னும் கனக்கும், நீங்கள் ஒருவராகத் தூக்க முடியாது.