மாதம் மூன்று பக்கம் தண்டலுக்கு

கேள்வி: வயது 36, வியாசர்பாடி. காமிக்ஸ் வரைகிறேன். ஒரு ஸ்டுடியோவுக்கு மாதம் 12 பக்கம், பக்கத்துக்கு 3,000 ரூபாய். பில் போட்டு இரண்டரை மாதம் கழித்து, 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி) பிடித்துக்கொண்டு பணம் வரும். சொந்தமாக 140 பக்க கிராஃபிக் நாவலுக்கு ஒரு பதிப்பகத்தில் கையெழுத்துப் போட்டேன். முன்பணம் 1.5 லட்சம், ராயல்டி 8 சதவீதம், புத்தக விலை 500. முதல் தவணை 50,000 வாங்கிச் செலவாகிவிட்டது. 70 பக்கம் கொடுத்தால் அடுத்த தவணை. ஒரு வருடத்தில் 18 பக்கம்தான் முடிந்தது. அக்கா வீட்டுக்காரர் ஷாமியானா தொழிலுக்காக என் பேரில் மூன்று தண்டல் (தினவசூல் கடன்) ஓடுகிறது, நாளுக்கு 300 கட்டுகிறேன். போன வருடம் அவர் திருப்பித் தந்தது 40,000 இருக்கும். என்னை ஓவியக் கல்லூரியில் படிக்கவைத்தவர், மறுக்க முடியவில்லை. ஏஜென்ட் ஒருவர் வருடம் 60,000 யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) போடச் சொல்கிறார். ராயல்டி வந்தால் கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். போடலாமா?

பதில்: வேண்டாம். ஐந்து வருடம் எடுக்க முடியாத பணத்தை, இரண்டரை மாதம் பில்லுக்குக் காத்திருப்பவர் தலையில் கட்டப் பார்க்கிற ஏஜென்டுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்புங்கள். ராயல்டியை நம்பி பிரீமியமா? 500 ரூபாயில் 8 சதவீதம் என்றால் பிரதிக்கு 40 ரூபாய். முன்பணம் 1.5 லட்சம் அதில் கழியவே 3,750 பிரதி விற்க வேண்டும், அதற்கப்புறம்தான் உங்கள் கைக்கு முதல் ரூபாய். தமிழில் காமிக்ஸ் வாங்குகிற கூட்டத்தை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

ஆனால் உங்கள் தொந்தரவு யூலிப் இல்லை. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தண்டல்தான். நாளுக்கு 300 என்றால் மாதம் 9,000, அதாவது உங்கள் 12 பக்கத்தில் மூன்று பக்கம். பென்சில், இங்க், எழுத்து எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் இரண்டு நாள் என்று வைத்தால், மாதத்தில் ஆறு நாள் மேஜையில் குனிந்து நீங்கள் வரைவது வசூலுக்கு வருகிறவரின் நோட்டுக்காக.

வருடக் கணக்கையும் பாருங்கள். கட்டியது 1,09,500, மாமா தந்தது 40,000, கையை விட்டுப் போனது சுமார் 70,000. 23 பக்கத்தின் கூலி அது. அந்த நாட்களில் சொந்தப் புத்தகத்தை வரைந்திருந்தால் 18 இந்நேரம் 41 ஆகியிருக்கும். உங்கள் இரண்டாவது தவணை பதிப்பகத்தில் நிற்கவில்லை, ஷாமியானாவில் நிற்கிறது.

வழக்கமான தண்டலாக இருந்தால் 10,000 எழுதி 8,500 கையில் கொடுத்திருப்பார்கள், நாளுக்கு 100 வீதம் 100 நாள். கேட்க 15 சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறதே, அதனால் வருடத்துக்குப் போட்டால் 120 சதவீதம் பக்கம் வரும்.

உடனே வீட்டில் இருக்கிற நகையைத் தூக்கிக்கொண்டு சவுகார்பேட்டைக்கு ஓடாதீர்கள். தண்டலில் வட்டியை முதல் நாளே பிடித்துவிட்டார்கள், முன்னாலேயே அடைத்தாலும் பெரும்பாலும் ஒரு பைசா குறையாது, நகைக்கடன் வட்டிதான் மேலே ஏறும். ஓடுகிற மூன்றையும் ஓடி முடிய விடுங்கள். பாதி கட்டியதும் "புதுசா எடுத்துக்குங்க அண்ணே, பழைய பாக்கியைக் கழிச்சுக்கலாம்" என்பார்கள் பாருங்கள், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். நீங்கள் மாட்டுவது அங்கேதான்.

வருமானவரி ரிட்டர்ன் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வருடம் 4,32,000-க்கு டிடிஎஸ் 43,200 போகிறது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாதபோது, வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டால் அது முழுசாகத் திரும்பி வரும். பில் தாமதமாகும் மாதத்துக்கு அதுதான் உங்கள் கைக்காசு. சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும், ஃபண்டு கிண்டு எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அப்படியே பதிப்பக ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். உரிமையை எழுதிக்கொடுத்து எத்தனை வருடம் என்று போடாவிட்டால் சட்டப்படி 5 வருடம்தான். "நிரந்தரமாக" என்று ஒரு வார்த்தை எங்காவது ஒளிந்திருந்தால் இப்போதே பேசுங்கள்.

இனி மாமா. அவர் செய்தது பெரிய உதவி, மறக்கச் சொல்லவில்லை. மாதம் ஒரு பக்கத்தின் கூலி, 3,000 ரூபாய், அவருக்கு என்று ஒதுக்குங்கள். திரும்பி வரும் என்று எதிர்பார்க்காமல் கொடுங்கள், ஆனால் உங்கள் பேரில் கையெழுத்து கிடையாது. கல்யாண சீசனில் அவர் கையில் காசு புரளும்போது, அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "மாமா, மாசம் மூவாயிரம் என் பொறுப்பு, தண்டல் இனிமே உங்க பேர்ல எடுங்க." முகம் சுண்டும். நாலு நாள் பேசமாட்டார். அந்த நாலு நாளில் இரண்டு பக்கம் வரைந்துவிடலாம்.