ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே: ஒரே இயேசு, ஏன் தனித்தனிச் சபை?

சபைப் பிரிவு என்பது ஒரே இயேசுவை விசுவசித்தும் நிர்வாகமும் வழிபாட்டு ஒழுங்கும் தனியாக இருப்பது. பாம்பன், தங்கச்சிமடம் கரையில் மீனவர் பலர் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர்; 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட மறைப்பணியாளர் அருளானந்தரைப் புனிதராக வணங்குபவர்கள். அதே கரையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பரிசுத்த ஆவியின் வரங்களை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு; இரண்டும் புராட்டஸ்டண்ட் வழி வந்தவை.

அடிப்படைக் காரணம், சபையில் கடைசி வார்த்தை யாருடையது என்பதே. போப்பாண்டவர் தலைமை வேண்டும் என்பது ஆர்.சி.; வேதமே போதும் என்று 16-ஆம் நூற்றாண்டில் பிரிந்தவர்கள் புராட்டஸ்டண்டுகள். பங்காளிகள் தனி உலை வைத்த மாதிரிதான்: நல்லது கெட்டதுக்குக் கூடுவார்கள், நற்கருணைப் பந்தி மட்டும் தனி. வருத்தமான விஷயம்தான்.

ஆனால் சேர்ந்ததும் உண்டு. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்ற புராட்டஸ்டண்ட் மரபினர் 1947 செப்டம்பர் 27-ல் இணைந்ததே சி.எஸ்.ஐ. பிஷப் தலைமையில் சபை நடக்கும் முறையை எல்லோரும் ஏற்றார்கள். பதிலுக்கு, பிஷப் கையால் அபிஷேகம் (போதகர் பட்டம்) பெறாத பழைய போதகர்களிடம் மறு அபிஷேகம் கேட்கவில்லை. இந்த விட்டுக்கொடுத்தல் இல்லாமல் இணைப்பு கைகூடியிருக்காது.

சி.எஸ்.ஐ. பெண் ஆர்.சி. மாப்பிள்ளையைக் கட்டினால் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்பது தவறான எண்ணம்: தண்ணீராலும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலும் கொடுத்ததை ஆர்.சி. ஏற்கிறது, ஞானஸ்நானச் சான்றிதழும் ஆர்.சி. பிஷப்பின் அனுமதியும் தேவை.