கல்லறைக் கற்களில் செதுக்கல் தெரியவில்லையா?

கேமராவின் ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். அயர்லாந்தில் பெருங்கற்களால் கட்டிய தொல்பழங்காலக் கல்லறைகளுக்குப் போயும், கல்லில் செதுக்கிய சுருள் வடிவங்களே கண்ணில் படவில்லை என்றால், பெரும்பாலும் நேர் வெளிச்சம்தான் காரணம். 5,000 ஆண்டுகளில் தேய்ந்துபோன பள்ளத்துக்கு நிழல்தான் உருவம் தரும், ஃபிளாஷ் அந்த நிழலையே அழித்துவிடுகிறது.

சந்தேகமிருந்தால் பக்கத்துப் பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் சோதித்துப் பாருங்கள். மதியம் மொட்டையாகத் தெரிந்த கல்லறைக் கல்லில், மாலைச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது பெயரும் ஆண்டும் ஒவ்வோர் எழுத்தாக எழும்பி வரும், அவ்வளவு அழகு!

ஆனால் எல்லாக் கல்லிலும் செதுக்கல் இருக்காது. அயர்லாந்தின் அந்தப் பழங்காலக் கல்லறைகளில் ஒன்றான நியூகிரேஞ்சின் உள்ளே படமெடுக்க அனுமதியும் கிடையாது. அப்புறம், தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் பூசுவதோ பாசியைச் சுரண்டுவதோ வேண்டவே வேண்டாம், சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து போய்விடும்.