இளம் நாய்க்கு ஓயாத அரிப்பு: மருந்துக்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் நாய்க்கு 11 மாதம் ஆகிறது. 2 மாதமாக ஓயாமல் சொறிகிறது. முன்னங்கால்களை நக்கி நக்கி வெள்ளை முடியெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. ஒரு ஊசி போட்டதில் 10 நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. மூன்று முறை உணவை மாற்றிப் பார்த்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிப்பாட்டுகிறோம். இரவில் அது சொறியும் சத்தத்தில் யாருக்கும் தூக்கமில்லை. நிரந்தரமாகக் குணமாக்க என்ன வழி?

பதில்: நிரந்தரக் குணம் கிடைக்குமா என்பது அரிப்பின் காரணத்தைப் பொறுத்தது. தெள்ளுப்பூச்சியோ, சொறிச் சிற்றுண்ணியோ (தோலைத் துளைத்து வாழும் மிக நுண்ணிய உண்ணி) என்றால் முழுக்கக் குணமாகும். உணவு ஒவ்வாமை என்றால் அந்த உணவை விலக்கியதும் அடங்கும். தூசு, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமை என்றால் அது வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். ஆனால் நாய் நன்றாகத் தூங்கி, விளையாடி, சந்தோஷமாக இருக்கும் அளவுக்கு அதை அடக்கிவைக்க முடியும். இவற்றில் உங்கள் நாய்க்கு எது என்பதை இதுவரை யாரும் தேடியதாகத் தெரியவில்லை. ஊசி, உணவு மாற்றம், குளியல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்ததில், எதனால் குறைந்தது, எதனால் கூடியது என்று உங்களாலேயே சொல்ல முடியாமல் போயிருக்கும்.

அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். ஸ்டீராய்டு காரணம் பார்க்காது. பெரும்பாலான அரிப்பைச் சில நாள் அமுக்கிவைக்கும். அதனால் அந்த 10 நாள் நிம்மதியை வைத்து நோயை அடையாளம் காண முடியாது. தாங்க முடியாத அரிப்புக்கு அது நல்ல மருந்துதான், நான் குறை சொல்லவில்லை. மாதாமாதம் அதே ஊசியைப் போட்டுக்கொண்டு போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

முதலில் நாய் எங்கே சொறிகிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து கவனியுங்கள். வால் தொடங்கும் இடம், இடுப்பின் பின்பகுதி, பின்தொடை என்றால் தெள்ளுப்பூச்சி மேல் சந்தேகம் வர வேண்டும். காது மடலின் ஓரம், முழங்கை, அடிவயிறு என்றால் சொறிச் சிற்றுண்ணி. பாதம், முகம், காதின் உட்புறம், அக்குள், தொடை இடுக்கு என்றால் ஒவ்வாமை. இது கணிப்புதான், தீர்ப்பல்ல. ஒரே நாய்க்கு இவற்றில் இரண்டு சேர்ந்து இருப்பது சாதாரணம்.

தெள்ளுப்பூச்சியிலிருந்து தொடங்குங்கள். "எங்கள் நாயிடம் ஒரு பூச்சிகூட இல்லை" என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். பூச்சி கண்ணில் படவேண்டும் என்ற அவசியம் இல்லை. சொறியும் நாய் நக்கியும் கடித்தும் அவற்றை விழுங்கிவிடும். அதன் எச்சத்தைத் தேடுங்கள். நனைத்த வெள்ளைக் காகிதத்தை நாயின் அடியில் விரித்து, வாலடியில் முடியை எதிர்ப்பக்கமாகத் தேய்த்து உதிருங்கள். கறுப்பு மிளகுத்தூள் போல விழும் துகளைச் சுற்றி ஒரு நிமிடத்தில் செம்பழுப்பு வட்டம் படர்ந்தால், அது தெள்ளு கழித்த ரத்தம். மண்தூள் என்றால் நிறம் கசியாது.

தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும், பல நாள் சொறிய வைத்துவிடும். அதோடு, நாயின் மேல் இருக்கும் வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நாய் படுக்கும் துணியிலும் தரை இடுக்கிலும் இருக்கின்றன. கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து பிறகு வெளிவரும். அதனால் ஒரு முறை மருந்து போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று விட்டுவிடக் கூடாது. வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் குறைந்தது 3 மாதம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து வேண்டவே வேண்டாம், பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

அடுத்தது சொறிச் சிற்றுண்ணி. நாயின் காது மடலின் ஓரத்தை மடக்கி, இரண்டு விரலுக்கிடையே வைத்து மெல்லத் தேயுங்கள். அந்தப் பக்கப் பின்னங்கால் தானாகவே காற்றில் சொறிய ஆரம்பித்தால் சந்தேகம் வலுக்கிறது. வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ சிவந்த கொப்புளங்கள் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், இது மனிதருக்கும் சில நாள் அரிப்பைத் தரும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும்போது இந்தச் சிற்றுண்ணி பல நேரம் அகப்படாது. அதனால், இல்லை என்று முடிவு வந்தாலும் நல்ல மருத்துவர் மருந்து கொடுத்துப் பார்ப்பார். இதற்கும் தெள்ளுக்கும் சேர்த்தே வேலை செய்யும் அஃபோக்சோலனர், ஃப்ளூரலனர், சாரோலனர் போன்ற மருந்துகள் இப்போது உள்ளன. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இளம் நாய்களில் டெமோடெக்ஸ் என்ற இன்னொரு சிற்றுண்ணியும் உண்டு. அது முடியைத்தான் கொட்டவைக்கும், கிருமி சேர்ந்தால் ஒழிய அதிகம் அரிக்காது. ஸ்டீராய்டு கொடுத்தால் அது பெருகும். மறுபடி ஊசி போடும் முன் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

இனி, பலர் கவனிக்காமல் விடும் ஒன்று. சொறிந்த தோலில் பாக்டீரியாவும் ஈஸ்ட் பூஞ்சையும் குடியேறிவிடும், அவையே தனியாக அரிப்பை உண்டாக்கும். நாயின் கால்விரல் இடுக்கை விரித்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை, பிசுபிசுப்பு, பழுப்பு அழுக்கு இருந்தால் ஈஸ்ட். அடிவயிற்றில் சிறு சீழ்க்கொப்புளம், வட்டமாக உரியும் தோல் இருந்தால் பாக்டீரியா. செலோடேப்பை ஒட்டி எடுத்து, சாயமிட்டுச் சில நிமிடத்தில் மருத்துவரே பார்த்துச் சொல்லிவிடலாம். இதைத் தீர்க்காமல் விட்டால் எவ்வளவு உயர்ந்த அலர்ஜி மருந்து கொடுத்தாலும் அரைகுறையாகத்தான் கேட்கும். நிறம் மாறிய அந்தக் கால்முடிக்குக் காரணம் எச்சில்தான். நாய் வெகுநாளாக நக்குகிறது என்பதற்கு அது சாட்சி.

பூச்சியும் கிருமியும் தீர்ந்த பிறகும் அரிப்பு இருந்தால் அப்போது உணவுக்கு வாருங்கள். நீங்கள் மூன்று முறை மாற்றியது உணவுச் சோதனை ஆகாது. பை மாறினாலும் உள்ளே இருக்கும் புரதம் பெரும்பாலும் அதேதான். நாய்களில் ஒவ்வாமை அதிகம் காணப்படுவது மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவற்றுக்கு. உண்மையான சோதனை என்றால், நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு புரதமோ, மருத்துவர் தரும் நுண்துகளாக உடைத்த புரத உணவோ, அதை மட்டும் 8 வாரம் கொடுக்க வேண்டும். மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிஸ்கட், மெல்லும் எலும்பு, சுவையூட்டிய மாத்திரை, பற்பசை, குழந்தையின் தட்டிலிருந்து விழும் ஒரு துண்டு, இதில் எது நடுவில் புகுந்தாலும் அந்தச் சோதனை பாழ். அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் சந்தேகம் தீர்ந்தது. மனம் வராதுதான், ஆனால் இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் விடை கிடைக்காது. ரத்தம், எச்சில், முடி எடுத்து உணவு ஒவ்வாமை சொல்லும் சோதனைகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் மிஞ்சுவது சுற்றுப்புற ஒவ்வாமை. இது பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். உங்கள் நாயின் வயதும் நக்கும் இடமும் இதற்குப் பொருந்துகின்றன. வெளியே போய் வந்ததும் பாதங்களையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள். அரிப்பை அடக்கும் மருந்துகளில் ஒக்லாசிடினிப் மாத்திரை 12 மாதம் நிறையாத நாய்க்குக் கொடுக்கக் கூடாது, உங்கள் நாய் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். லோகிவெட்மாப் ஊசிக்கு அந்த வயது வரம்பு இல்லை, ஒரு முறை போட்டால் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம், இருந்தாலும் இளம் நாய் என்பதால் அதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். ஒமேகா-3 மீனெண்ணெயையும் இரண்டு மூன்று மாதம் கொடுத்த பிறகே எடைபோட வேண்டும்.

இன்று இரவுக்கு என்ன செய்யலாம்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளியலை நிறுத்துங்கள். மனிதர்களின் ஷாம்பு நாய்க்கு ஆகாது. வாரம் ஒரு முறை, வெதுவெதுப்புகூட இல்லாத தண்ணீரில், மருத்துவர் சொல்லும் ஷாம்புவைப் போட்டு 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். கிருமி இருந்தால் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்தது நல்லது. அரிக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணியைச் சில நிமிடம் வைத்தால் நாய் அடங்கிப் படுக்கும். நகத்தை வெட்டிவிடுங்கள். தோல் கிழிந்திருந்தால் கழுத்துக் கூம்பு மாட்டுங்கள். செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகள் நாய்களுக்குச் சுமாராகவே கேட்கும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், முக்கியமாகச் சளிமருந்து சேர்ந்த மாத்திரையும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சிரப்பும் நாய்க்கு நஞ்சு. தேயிலை மர எண்ணெயைத் தோலில் தடவாதீர்கள்.

தினமும் படுக்கும் முன் அன்றைய அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டு, அன்று புதிதாகக் கொடுத்ததையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். முகம் திடீரென வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி வாந்தி எடுத்தாலோ, மூச்சு திணறினாலோ மட்டும் எதையும் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு அந்த நிமிடமே கிளம்புங்கள்.