மளிகைச் சாமானை மொத்தமாக வாங்கி வைத்தால் உண்மையிலேயே மிச்சமாகுமா?

சேலத்தில் வாடகை வீடு, வீட்டில் நாலு பேர், மளிகைச் செலவு மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது, லீ பஜார் சந்தையில் மொத்தமாக வாங்கி அடுக்கினால் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சமாகும். ஆனால் எதை, எந்த மாதத்தில், எவ்வளவு என்று தெரிந்து வாங்கினால்தான். தெரியாமல் வாங்கினால் கைக்காசும் போகும், பொருளும் போகும். எனக்குப் போயிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஒருவர், "இதெல்லாம் பதுக்கல் புத்தி, போனில் ஆர்டர் போட்டால் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வருகிறது, எதற்கு அடுக்கி வைக்க வேண்டும்" என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். செய்து கொடுக்கும் எடைக்குத்தான் கூலி. முகூர்த்த மாதங்களில் இரவு பதினொரு மணிவரை வேலை இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் குறைந்துவிடும். வெள்ளி விலை திடீரென்று ஏறினாலும் வியாபாரிகள் ஆர்டர் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். பத்து நிமிடத்தில் அரிசி வரும், சரி. அந்தப் பத்து நிமிடத்தில் கையில் காசு வருமா? அறுவடைக் காலத்தில் விலை இறங்கும்போது குடும்பத்துக்குத் தேவையானதை வாங்கி வைப்பதற்குப் பெயர் பதுக்கல் இல்லை. நம் பாட்டிமார் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். நான் யாருக்கும் விற்கவில்லை, யாருடைய பங்கையும் எடுக்கவில்லை.

ஆம்பளைக்கு அடுக்களையைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி தையல் கம்பெனிக்குப் போகிறார், காலை எட்டு மணிக்கு வண்டி வந்துவிடும். பத்து வருடமாக எங்கள் வீட்டில் மளிகை வாங்குவது, காயவைப்பது, டின்னில் போடுவது எல்லாம் என் பொறுப்பு.

நீங்கள் அனேகமாக மாதத்தின் முதல் வாரத்தில் பெரிய கடைக்குப் போய், தள்ளுவண்டியில் கண்ணில் பட்டதையெல்லாம் போட்டு, இருபதாம் தேதிக்கு மேல் தெருக்கடையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்குகிறவராக இருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். தெருக்கடைக்காரர் மேல் தப்பில்லை, சில்லறையில் வாங்கினால் விலை கூடத்தான் செய்யும். 2018 வைகாசியில் நல்ல வேலை ஓடியது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஆனியில் லீ பஜாருக்குப் போனேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அந்த வாசனையில் நடந்தாலே வாங்கத் தோன்றும். மல்லி, மிளகாய், சீரகம் எல்லாம் மூட்டை மூட்டையாக வாய் திறந்து இருக்கும். ஒரு கடையில் பச்சைப்பயறு 25 கிலோ மூட்டையாக எடுத்தால் கிலோவுக்கு 8 ரூபாய் குறைவு என்றார்கள். கணக்குப் போட்டேன், 200 ரூபாய் மிச்சம். தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்போது சிவதாபுரத்தில் குடியிருந்தோம். மழைக் காலத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும், வீட்டுச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி நிற்கும். பயறை அப்படியே ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, மூடி போட்டு, அந்தச் சுவர் ஓரமாகத் தரையில் வைத்தேன். மூன்று மாதம் யாரும் திறக்கவில்லை. கடையில் கூடவே வாங்கி வந்த ஐந்து கிலோ தனியாக இருந்ததால் அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

புரட்டாசி சனிக்கிழமை. சுண்டலுக்குப் பயறு ஊறப்போட வேண்டும் என்று மனைவி டிரம்மைத் திறந்தார். "என்னங்க, இங்க வாங்க" என்றார், குரலே சரியில்லை. கையை உள்ளே விட்டேன். சூடாக இருந்தது. அடுப்பில் வைத்தது போல இல்லை, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி ஒரு சூடு. கையை வெளியே எடுத்தால் மாவு ஒட்டிக்கொண்டு வந்தது, அதில் பழுப்பு நிற வண்டுகள் ஊர்ந்தன. ஒரு பிடி எடுத்து முறத்தில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பயறிலும் ஊசியால் குத்தியது போல வட்டமான ஓட்டை. ஓட்டை விழாத பயறைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தால் தோலின் மேல் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. முட்டை.

200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரத்துக்கு மேல் போனது. அந்த மாதம் வேலையும் கம்மி.

ஓமலூர் பக்கத்து ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். திட்டவில்லை. முறத்தை வாங்கிப் புடைத்துப் பார்த்துவிட்டு, "இது உசுருள்ள சாமானுடா சாமி. காட்டுலயே வண்டு முட்டை வெச்சிருக்கும். வெயில் காட்டாம மூடி வெச்சா அது உள்ளயே குடும்பம் நடத்தும்" என்றார். தேறாததை ஆட்டுக்குப் போடச் சொல்லிவிட்டார். அப்புறம் வேளாண்மை படித்த ஒரு சொந்தக்காரரிடம் கேட்டபோது அம்மா சொன்னது அத்தனையும் சரிதான் என்றார். பயறு வண்டு முழுப் பயறின் தோல் மேல்தான் முட்டை ஒட்டும், புழு உள்ளே குடைந்து வளர்ந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும், வந்ததும் மறுபடி முட்டை. மூன்று மாதம் நான் மூடி வைத்திருந்தேன் என்றால் எத்தனை தலைமுறை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோல் நீக்கி உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு. அந்தக் காலத்தில் துவரையை வாங்கியதும் உடைத்துப் பருப்பாக்கி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அம்மா அந்த முறை பதினைந்து நாள் இருந்து சொல்லிக் கொடுத்ததைத்தான் இன்றுவரை செய்கிறேன். எது வாங்கினாலும் முதலில் சாக்கு விரித்து இரண்டு நாள் நல்ல வெயில். சாயங்காலம் எடுத்ததும் சூட்டோடு டின்னில் போடக் கூடாது, முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, அந்த ஈரத்திலேயே பூஞ்சை பிடிக்கும். துவரம்பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசறி மறுபடி காயவைத்து எடுத்துவைக்க வேண்டும். முழுப் பயறுக்கு நிழலில் உலர்த்திய வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் துணியில் முடிந்து போடுவேன். பாத்திரத்துக்கு எண்ணெய்க் கடையில் கிடைக்கும் 15 கிலோ தகர டின்னே போதும், வாங்கி வந்து நன்றாகக் கழுவி எண்ணெய் வாடை போகக் காயவைத்துக்கொள்ளுங்கள். அழகான கண்ணாடி ஜாடி வரிசையாக வாங்கி அடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசுக்கு ஒரு மாதப் பருப்பு வரும்.

டின் தரையில் படக் கூடாது. நாலு செங்கல் வைத்து மேலே பலகை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஏற்காட்டில் நாகலூரில் இருக்கும் என் அக்கா, மலைப் பனிக்கு உப்பே கசிந்து ஓடுகிறது என்று பருப்பு டின்னை அடுப்புக்கு மேலே பரணில்தான் வைத்திருக்கிறார். மிளகும் காப்பிக்கொட்டையும் அவர்தான் வருடா வருடம் வாங்கி அனுப்புவார்.

சமையல் மேடையில் பத்து நாளைக்கான சின்னச் சம்படங்கள் மட்டும் இருக்கும். பெரிய டின்னை மாதத்தில் மூன்று முறைதான் திறப்பேன், அடிக்கடி திறந்தால் காற்றும் ஈரமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பழையதற்கு மேல் புதியதைக் கொட்டவே மாட்டேன். பழையது முன்னால், புதியது பின்னால். டின்னைத் திறக்கும்போதெல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி ஆணியில் குத்திவிடுவேன். கடைக்குப் போகும்போது அந்தத் தாள்தான் சட்டைப்பையில் இருக்கும். வீட்டில் இருப்பது தெரியாமல் மறுபடி வாங்குவதில்தான் பாதிக் காசு போகிறது, விலையில் அவ்வளவு போவதில்லை.

எல்லாவற்றையும் மொத்தமாக வாங்காதீர்கள். ரவை, மைதா, கோதுமை மாவு, மிளகாய்த்தூள் எல்லாம் மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். நிலக்கடலை இரண்டு மாதத்துக்கு மேல் போனால் சிக்கு வாடை வரும். அதில் பூஞ்சை பிடித்துவிட்டால் பொறுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், விஷம், அப்படியே கொட்டிவிடுங்கள். வெல்லம் தைப் பொங்கல் சமயத்தில் மூலப்பிள்ளையார் கோவில் பக்கத்து வெல்ல மண்டிக்கு நிறைய வரும். பளிச்சென்று மஞ்சளாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், நிறம் வரவேண்டும் என்று மருந்து போட்டிருப்பார்கள். கருத்துப் பழுப்பாக இருப்பதை வாங்குங்கள். காய்கறிக்கு உழவர் சந்தை, அதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

ரேஷனை விடாதீர்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி இலவசம். ரேஷன் புழுங்கலரிசியை இட்லிக்கும் தோசைக்கும் ஊறப்போட்டால் சாப்பாட்டு அரிசி ஒரு சிப்பம் எங்களுக்கு ஒன்றரை மாதம் வருகிறது. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நன்றாகக் களைந்து, உளுந்தைச் சரியாகப் போட்டு அரைத்தால் எங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிட்டவர் யாரும் குறை சொன்னதில்லை.

எது வாங்கினாலும் முதலில் வெயில் என்றேனே, அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது குடியிருக்கும் வீட்டில் மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரர் வைத்துக்கொண்டிருக்கிறார். பங்குனி, சித்திரையில் சேலத்து வெயிலை வீணாக்கலாமா? ஜவ்வரிசி மலிவாகக் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு வடகம் பிழிந்து காயப்போட மாடி இல்லை. வடகத்தைக்கூட விடுங்கள். கரன்ட் கணக்கைப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 முதல் அரசு கொடுக்கிறது. வாடகைக்கு இருக்கிற எத்தனை பேருக்கு அது வந்து சேருகிறது? முதல் யூனிட்டிலிருந்தே எங்களிடம் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார்கள். கேட்டால், "இஷ்டமிருந்தா இருங்க" என்கிறார்கள். பருப்பில் நான் எட்டு ரூபாய் எட்டு ரூபாயாகச் சேர்ப்பது அங்கே மொத்தமாகப் போகிறது. இதைக் கேட்பதற்கு ஆளே இல்லை. எல்லா வீட்டுக்காரரும் அப்படி இல்லை, எனக்குத் தெரியும், நல்லவர்களும் இருக்கிறார்கள். வாடகை வீடு என்பதால் நீங்களும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாடியையும் மீட்டரையும் கேட்டுவிடுங்கள். நாங்கள் இப்போது எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டு அவர்கள் மாடியில் காயவைக்கிறோம்.

அந்த அக்காவுக்கு நாங்களும் செய்திருக்கிறோம். 2020 மாசியில் வழக்கம்போலப் புளி, மிளகாய், மல்லி, துவரம்பருப்பு எல்லாம் வருடத்துக்கு வாங்கி, காயவைத்து, அடுக்கி முடித்திருந்தேன். மார்ச் 25 ஊரடங்கு. பட்டறை மூடியது, தையல் கம்பெனியும் மூடியது, இரண்டு பேருக்கும் வருமானம் நின்றது. அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் ரேஷனும் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. பால், காய்க்கு மட்டும் அந்தக் காசை வைத்துக்கொண்டோம், மற்றதெல்லாம் டின்னிலிருந்து. எதிர்வீட்டு அண்ணனும் கொலுசு வேலைதான். அவர்கள் வீட்டில் ஒரு நாள் ரசத்துக்குப் புளி இல்லை என்று பிள்ளையை அனுப்பினார்கள். மனைவி ஒரு ஆழாக்குப் பருப்பும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து ஊரடங்கு முடியும்வரை வாரம் இரண்டு நாள் இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. பதுக்கல் என்று எழுதியவருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

உங்களுக்கு முதல் முறை என்றால் பயறு, பருப்பில் ஆரம்பிக்காதீர்கள். புளியில் ஆரம்பியுங்கள், கெடாத பொருள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து லீ பஜாருக்கு நிறைய இறங்கும். நாலு பேருக்கு மாதம் ஒரு கிலோ ஆகும் என்றாலும், பழகுவதற்கு முதல் வருடம் ஐந்து கிலோ மட்டும் போட்டுப் பாருங்கள். கொட்டையும் நாரும் எடுத்து, கொட்டையில்தான் வண்டு விழும், இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். மண்பானை அல்லது பீங்கான் ஜாடி எடுத்துக்கொள்ளுங்கள், தகரமோ அலுமினியமோ வேண்டாம், புளி அரித்துவிடும். அடியில் ஒரு கைப்பிடி கல்லுப்பு, மேலே புளி, உள்ளங்கையால் நன்றாக அழுத்தி இடைவெளி இல்லாமல் அமுக்கி, மறுபடி உப்பு. வாய்வரை வந்ததும் துணி போட்டுக் கட்டிவிடுங்கள். ஆடி மாதம் திறந்து பாருங்கள், பழுப்பாகப் போட்டது கருத்து மெத்தென்று இருக்கும். எடுத்ததும் மறக்காமல் அழுத்திவிட்டு மூடுங்கள்.